முப்பத்தேழரை டிகிரி

ஆகஸ்ட் மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலை, பால் கொள்முதல் நிலையத்துக்குப் பின்தெருவிலுள்ள குஞ்சு பொரிப்பகத்தில், எண்ணூறு முட்டைகள் வைக்கப்பட்டிருந்த இயந்திரத்தின் கதவு திறக்கப்பட்டது. உள்ளே உயிருள்ள குஞ்சு ஒன்றுகூட இல்லை.

கதவைத் திறந்தது அந்தப் பொரிப்பகத்தை நடத்தும் பெண். ஊரில் அவளுக்குக் குஞ்சக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் அவளைப் போலவே சுற்றுவட்டாரத்தில் சின்னதாகப் பொரிப்பகம் வைத்திருப்பவர்கள். முட்டையைக் கொடுத்துக் குஞ்சாக வாங்கிக்கொள்ளும் கம்பெனி அவர்களை ஒரு வேனில் ஏற்றி அழைத்து வந்திருந்தது. தொழில் எப்படிச் செய்ய வேண்டும் என்று குஞ்சக்காவிடம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது கம்பெனியின் எண்ணம்.

பொரிக்கிற நாளில் கதவைத் திறக்கும் முன்பே எல்லாம் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான குஞ்சுகளின் கீச்சுக் குரல் தகரக் கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தெருவில் போகிறவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். அன்று காலை அந்தச் சத்தம் காதில் விழவில்லை என்பது அவளுக்கு உறைக்காமல் இல்லை. வந்தவர்களின் பேச்சில் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கவும் வழியில்லை. கதவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் உட்புறத்தில், கண்ணாடி வழியாக மட்டுமே படிக்கும்படி, ஒரு பழைய வெப்பமானியும் தொங்கியது. ஆனால் அந்தக் கண்ணாடியின் மேல்தான் கம்பெனி ‘சிறந்த நிலையம்’ என்ற தங்க நிறக் காகிதத்தை ஒட்டியிருந்தது. ஒட்டுவதற்கு வழவழப்பான இடம் வேறு கிடைக்கவில்லை.

தட்டை வெளியே இழுத்தாள். முட்டைகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை, ஓட்டையும் இல்லை. மின்விசிறி மட்டும் உள்ளே தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது தட்டை இழுத்தாள். பிறகு மூன்றாவது. ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். குளிர்ந்து போயிருக்கவில்லை, சுடவும் இல்லை. யாரோ குடிக்க மறந்து வைத்துவிட்ட காப்பி டம்ளரைப் போல இருந்தது.

யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தை அவள் செய்தாள். தட்டின் விளிம்பில் முட்டையைத் தட்டி உடைத்தாள். உள்ளே முழுக் குஞ்சு. அலகு, நகம், ஈரமான மஞ்சள் தூவி எல்லாம் வந்திருந்தன. தலையை இறக்கைக்கு அடியில் செருகி, வெளியே வருவதற்குத் தயாராகப் படுத்தபடியே செத்திருந்தது. அடுத்ததை உடைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதை உடைக்கப் போனபோது அவள் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். “போதும் அண்ணி” என்றாள்.

குஞ்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

கம்பெனியின் மேற்பார்வையாளருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எங்கே போனாலும் போனில் வரைகோட்டைக் காட்டியே பேசுவதால் அவருக்குக் கிராஃப் சார் என்று பெயர். அவர் அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். முப்பத்தேழரை டிகிரி. பச்சை நிறத்தில், ரூல் தடியால் கிழித்தது போல நேர்கோடு. காலையில் விழும் ஒரு சின்னப் பள்ளத்தைத் தவிர, மூன்று வாரமாக அந்தக் கோடு அசையவில்லை. ஈரப்பதத்தில் ஏதாவது கோளாறு இருக்கலாம், வெப்பத்தில் பழுது சொல்ல ஒன்றுமில்லை என்று விளக்க ஆரம்பித்தார்.

வந்தவர்களில் ஒருவர், மாவு மில்லோடு சேர்த்துப் பொரிப்பகமும் நடத்துகிறவர், முழங்கை வரைக்கும் கையை இயந்திரத்துக்குள் விட்டார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“சார், உங்க போன்ல சூடு நல்லாத்தான் இருக்கு. அதுல கொஞ்சம் எடுத்து இங்க விடுங்க.”

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் போனும் கோடும் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன வருடம்தான் கம்பெனி ஒவ்வொரு பொரிப்பகத்திலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியது. பெட்டியிலிருந்து ஒரு நீள ஒயர். ஒயரின் நுனியில் சுண்டுவிரல் அளவுக்கு ஓர் உணர்கருவி. அதை முட்டைத் தட்டில் செருகி வைத்தால் உள்ளே இருக்கும் சூடு எவ்வளவு என்பது பொரிப்பகக்காரரின் போனிலும் கம்பெனியின் கணினியிலும் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் போன் அலறும். ‘ரெண்டு மணி எதுக்கு?’ என்று இயந்திரத்தில் ஏற்கெனவே இருந்த எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டார்கள். கோடு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். மதிப்பெண் கூடினால் அடுத்த முறை முட்டை கூடுதலாக வரும். வருட முடிவில் முதலில் நிற்கும் நிலையத்துக்குக் கம்பெனி தன் செலவில் பெரிய இயந்திரம் வைத்துக் கொடுக்கும். மற்றவர்களுக்குப் போகும் முட்டை அந்த அளவுக்குக் குறையும். சில நிலையங்களுக்கு அடியோடு நின்றுவிடும் என்றும் பேச்சு இருந்தது. ஆகவே அந்த வருடம் அது வெறும் பரிசு விவகாரமாக இல்லை. யார் தொழிலில் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்பது அந்தக் கோட்டில் இருந்தது.

ஆரம்பத்தில் குஞ்சக்காவின் கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றக் கதவைத் திறந்தால் போன் அலறும். முட்டையைப் பார்க்கத் திறந்தால் அலறும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் வேலை நடந்து மின்சாரம் தடுமாறினால் அதற்கும் அலறும். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது கூவும்போதெல்லாம் எழுந்து ஓடினாள். வந்த மதிப்பெண்ணைவிடப் போன மதிப்பெண்தான் அதிகம். ஒரு நாள் அடுப்படியில் நின்றபடியே கண்ணயர்ந்து, கொதிக்கும் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டாள். நாத்தனார் அப்போது, “அண்ணி, அந்தக் கோழிக்குக்கூட இத்தனை பாடு கிடையாது. உக்காந்த எடத்துல உக்காந்து பொரிச்சிட்டுப் போயிடுது” என்று சொன்னதாக ஞாபகம்.

பிறகு, பிப்ரவரி வாக்கில், கோடு திடீரென்று நேரானது. கம்பெனி பெட்டிக்குள் ஏதோ சரிசெய்திருக்கிறது என்று குஞ்சக்கா நினைத்தாள். தான் கதவைத் திறப்பதைக் குறைத்ததுதான் காரணம் என்றும் நினைத்தாள். இரண்டாவது எண்ணம் நாளாக நாளாக வலுத்தது. போன் அலறாததால் தூங்கினாள். தூங்கியதால் வேலை ஒழுங்காக நடந்தது. கதவை அடிக்கடி திறக்காததால் குஞ்சுகளும் முன்பைவிட நன்றாகவே பொரித்தன. பொய் சொல்லக் கூடாது. அந்த ஐந்தாறு மாதம் அவள் நிலையம் உண்மையிலேயே நன்றாக நடந்தது. கம்பெனி அவளை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் பேச வைத்தது. முதல் கூட்டத்தில் ஒலிபெருக்கியைத் தலைகீழாகப் பிடித்தாள். நாலாவது கூட்டத்தில் நகைச்சுவையே சொன்னாள். “கதவை மூடுங்க, போனைப் பாருங்க. முட்டையை நோண்டிக்கிட்டே இருந்தா முட்டைக்கே எரிச்சல் வந்துடும்” என்பாள். கூட்டம் சிரிக்கும். சிலர் எழுதிக்கொள்வார்கள்.

கிராஃப் சாருக்கும் அவளால் நல்ல பெயர். அவளுடைய கோட்டில் தினமும் காலையில், போன் அலறாத அளவுக்கு, ஒரே ஒரு சின்னப் பள்ளம் விழும். கால் மணி நேரத்தில் பழையபடி நிமிர்ந்துவிடும். அதைத்தான் அவர் எல்லா இடத்திலும் பெரிதாக்கிக் காட்டுவார். ஒரு நாளைக்கு ஒரே தடவை, அதுவும் குறித்த வேளையில் கதவைத் திறக்கிற ஒழுக்கம் என்பார். அவள் காலையில் கதவைத் திறப்பதில்லை. எதற்கு மறுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது மாவு மில்காரர் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, “உணர்கருவி எங்கம்மா?” என்று கேட்டார்.

அதைச் செருகும் கிளிப் கடைசித் தட்டின் பின்மூலையில், குனிந்து தேடினாலொழியக் கண்ணில் படாத இடத்தில், வெறுமனே இருந்தது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஒயர் பெட்டியிலிருந்து கிளம்பி இயந்திரத்தின் பின்பக்கம் போனது. அங்கே இயந்திரத்துக்குள் நுழைய வேண்டிய காற்றுத் துளையைத் தொடாமல், சுவரோடு ஒட்டி மேலேறி, வெண்டிலேட்டர் கம்பிகளுக்கு நடுவே வெளியே போயிருந்தது. நேர்த்தியாக ஆணி அடித்து, வளைவுகளில் கிளிப் போட்டு இழுத்திருந்தார்கள். செய்தவனுக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

எல்லோரும் வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். குஞ்சக்கா கடைசியாக வந்தாள். அங்கே தகரச் சாய்ப்பின் கீழ் அவள் நாத்தனார் வீட்டுக்கென்று வளர்க்கும் சில கோழிகள் இருந்தன. வெண்டிலேட்டருக்கு நேர் கீழே ஒரு பிரம்புக் கூடை. கூடையில் வைக்கோல். வைக்கோலின் மேல் கறுப்பு நிறத்தில் ஒரு கோழி, கொண்டை ஒரு பக்கம் கிழிந்தது, இறகையெல்லாம் உப்ப வைத்துக்கொண்டு அடை கிடந்தது. ஒயர் சுவரிலிருந்து இறங்கி அதன் வயிற்றுக்கு அடியில் போனது.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் வந்தது.

கிராஃப் சார் குனிந்து ஒயரைப் பிடித்து இழுத்தார். கோழி அவர் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. விடாமல் இழுத்தார். உணர்கருவி வெளியே வந்தது. அதில் சின்னதாக ஓர் இறகு ஒட்டியிருந்தது. சில விநாடிகளில் அவர் சட்டைப்பையில் போன் அலறியது. குஞ்சக்காவின் இடுப்பில் செருகியிருந்த போனும் அலறியது. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. எடுத்துப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில், ‘வெப்பநிலை வேகமாகக் குறைகிறது. முட்டைகளுக்கு ஆபத்து. உடனே கவனிக்கவும்’ என்று இருந்தது.

மூன்றாவது போன் ஒன்றும் எங்கோ அலறியது. வாசல் பக்கமிருந்து, குஞ்சு ஏற்றும் வேனுக்குள்ளிருந்து. அதை யாரும் எடுக்கவில்லை; அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது.

“இது கம்பெனி வெச்சதுன்னுதானே அண்ணன் சொன்னாரு” என்றாள் நாத்தனார். அவள் குரலில் கள்ளமில்லை. “கோழி மாறும்போதெல்லாம் அண்ணன்தான் எடுத்து அடுத்த கோழிக்கு வெப்பாரு. கம்பெனி கோழிக்கும் ஏதோ கணக்கு எடுக்குதாம். நானும் சரின்னு இருந்துட்டேன்.”

மாவு மில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்போ இத்தனை மாசமா முதல் எடத்துல நின்னது இந்தம்மாவா?” என்று கோழியைக் காட்டினார். “நம்மளையெல்லாம் வேன் வெச்சுக் கூட்டிட்டு வந்து யார்கிட்ட பாடம் படிக்க விட்டிருக்காங்க பாருங்கப்பா. கூரையேறிக் கோழி பிடிக்கிற கதை கேட்டிருக்கோம். கோழியே கூரையேறி உக்காந்த கதை இதுதான்.”

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கிராஃப் சார் சிரிக்கவில்லை. போனில் பழைய கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தினமும் காலையில் விழும் அந்தப் பள்ளத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: கோழி இரை தின்ன எப்போது எழுந்திருக்கும்? காலையில் ஒரு தடவை, தின்றதும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும் என்றாள் அவள்.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண், எல்லோரும் வேறு பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், நாத்தனாரின் அருகே போய்த் தணிந்த குரலில், ஒரு கோழி ஓய்ந்ததும் அடுத்த அடைக்கோழிக்கு என்ன செய்வீர்கள் என்று விசாரித்தாள். குஞ்சக்காவின் காதில் அது விழுந்தது. அந்தப் பெண்ணை அவள் மூன்றாவது கூட்டத்தில் முதல் வரிசையில் பார்த்திருந்தாள். எழுதிக்கொண்டவர்களில் ஒருத்தி.

குஞ்சக்கா வாசலுக்கு நடந்தாள்.

அவள் கணவன் தன் வேனின் ஓட்டுநர் இருக்கையில் கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தான். குஞ்சுகளைப் பெட்டிகளில் அடுக்கிக் கம்பெனிக்குக் கொண்டுபோகும் வேலை அவனுடையது. அன்றைக்கான பெட்டிகள் பின்னால் காலியாக அடுக்கப்பட்டிருந்தன. காலையிலிருந்து அவன் வேனை விட்டு இறங்கவில்லை. கதவு திறந்ததையும் சத்தம் வராததையும் அங்கிருந்தே கேட்டிருப்பான். போன் மடியில் கிடந்தது, அலறி ஓய்ந்திருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். சண்டையிலும் அதை விட்டதில்லை.

“நீதான் வெச்சியா?” என்றாள்.

அவன் தலையசைத்தான்.

அவன் சொன்னதில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு அவள் படுத்திருந்த வாரம் அது. அந்த நிலையிலும் போன் கூவும்போதெல்லாம் நொண்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் அவள் தூங்கட்டும் என்று ஒயரை உருவினான். வேறு எங்கே வைத்தாலும் சூடு குறைந்து போன் அலறும். தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்தது. கோழிக்கு அடியில் வைத்தான். முப்பத்தேழரையில் போய் நின்றது. அவள் தூங்கினாள். மூன்றாம் நாள் எடுத்து மறுபடி தட்டில் வைத்துவிடலாம் என்று போனால், மதிப்பெண் ஏறியிருக்கிறது என்று அவள் குதித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கிராஃப் சார் பூரித்துப்போய் வந்து நின்றார். அதற்கடுத்து மேடை.

“ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ எங்கியாவது பேசப் போயிருந்த.”

“மெஷின்ல சூடு இல்லையே. அது எப்ப போச்சு?”

அது அவனுக்குத் தெரியவில்லை. பிற்பாடு மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தபோது, சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் போகும் இணைப்பு கரிந்திருந்தது என்றும், ஒட்டியும் ஒட்டாமலும் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டிருக்கும் என்றும் சொன்னார். விசிறிக்கும் விளக்குக்கும் தனி இணைப்பு என்பதால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஓடுவது போலத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் குஞ்சக்காவுக்கு அப்போது வேறொன்று மனதில் பட்டது. பொரிப்பதற்கு மூன்று நாள் முன்னால் முட்டைகளை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கதவைத் திறந்தே ஆக வேண்டும். எண்ணூறு முட்டைகளையும் கையால் தொட்டு எடுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். நாத்தனார் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். மாற்றியது அவன்.

“திங்கக்கிழமை நீதானே மாத்தின?”

“ஆமா.”

“கையில சூடு தெரியலையா?”

அவன் வேனின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சி ஒன்றை நகத்தால் சுரண்டினான்.

“கொஞ்சம் கம்மியாத்தான் பட்டுச்சு. என்னடா இதுன்னு இருந்துச்சு.”

“அப்புறம்?”

“போனை எடுத்துப் பாத்தேன். முப்பத்தேழரைன்னு காட்டுச்சு. சரியாத்தான் இருக்குன்னு மூடிட்டேன்.”

அவள் அவனையே பார்த்தாள். கேட்டது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

“கோழிக்கடியில வெச்சது நீ.”

“ஆமா.”

“வெச்சிட்டு அதையே பாத்தியா?”

அவன் பேயறைந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் அதை அப்படி யோசித்திருக்கவில்லை என்பது அந்த முகத்திலிருந்து தெரிந்தது. மூன்று நாளாக அது அவனுக்குள் ஒரு பொய்யாகவும் சூடு குறைந்த ஒரு முட்டையாகவும் தனித்தனியாகக் கிடந்திருக்கிறது; இப்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. போன் காட்டுவது கோழியின் சூடு என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனும் தன் கையை நம்பாமல் போனைத்தான் நம்பினான்.

குஞ்சக்கா வேனின் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவனும் இறங்கி வந்து சற்றுத் தள்ளி நின்றான்.

கிராஃப் சார் அங்கேதான் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் கோழி கொத்திய இடத்தில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். கணவனைச் சற்று அப்பால் போகச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். இணைப்பு கரிந்துபோனது இயந்திரக் கோளாறு. அது யாருக்கும் நடக்கலாம். அறிக்கையில் அதை மட்டும் எழுதலாம். உணர்கருவியை உடனே தட்டில் செருகிவிட்டால் கோட்டில் இருப்பது ஒரு பள்ளம்தான். பள்ளத்துக்குக் காரணம் கோளாறு. ஆறு மாத மதிப்பெண்ணில் அது பெரிதாகத் தெரியாது. முதலிடம் போகாது. மாவு மில்காரரிடம் தான் பேசிவிட்டதாகவும் சொன்னார். பெரிய இயந்திரம் குஞ்சக்காவுக்கே வரட்டும், ஆனால் இப்போதுள்ள முட்டை அளவு தனக்குக் குறையக் கூடாது. அதற்கு உறுதி கிடைத்தால் தான் கோழியைப் பார்க்கவே இல்லை என்று மில்காரர் சொல்லிவிட்டாராம்.

“மத்தவங்க?”

மற்றவர்கள் நாலு நாள் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்றார். கொஞ்சம் நிறுத்தி, தன் பக்கத்தையும் சொன்னார். மேலிடத்துக்கு அவர் கொடுக்கும் அறிக்கையில் முதல் பக்கம் அவளுடைய கோடுதான். அதைக் காட்டித்தான் இன்னும் நூறு நிலையங்களுக்குப் பெட்டி மாட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோடு ஒரு கோழி போட்டது என்று போய்ச் சொன்னால் அவர் வேலை என்ன ஆகும் என்பதை அவளே யோசித்துப் பார்க்கலாம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கெட்டவரில்லை என்பதும் தெரிந்தது. அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தெருவில் பால் வண்டி ஒன்று கேன்கள் குலுங்கப் போனது. அவளுக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். அதற்காகத்தான் பக்கத்து மனையைப் பேசி வைத்திருந்தாள். அதற்காகத்தான் மேடை மேடையாக ஏறினாள். இதை விட்டால் கம்பெனி முட்டை கொடுக்காது என்பதும் தெரியும். இருந்தாலும் மனம் அங்கே நிற்கவில்லை. கண்ணாடி போட்ட பெண்ணிடமே போய்ப் போய் நின்றது. மூன்றாவது கூட்டத்தில் தான் அவளுக்கு என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தாள். கதவை மூடுங்க, போனைப் பாருங்க. அன்று காலை கம்பெனி வேனில் வந்த அத்தனை பேரின் பொரிப்பகத்திலும் கதவு மூடித்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதால் யாரும் திறக்கவில்லை.

“சார், கோழின்னே எழுதுங்க.”

“அம்மா, அவசரப்படாதீங்க. வீட்ல கலந்து பேசுங்க.”

“வீடு அதோ நிக்குது” என்று கணவனைக் காட்டினாள். “கலந்து பேசித்தான் இப்படி ஆச்சு. நான் பேசினதைக் கேட்டுட்டு எல்லாரும் கதவை மூடி வெச்சிருக்காங்க சார். நீங்க எழுதலைன்னா நானே போன்ல பேசி எல்லாருக்கும் அனுப்பிடுவேன்.”

அவர் எழுதவில்லை. அன்று மத்தியானம் அவளே பேசினாள். பொரிப்பகக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், மேடையில் பேசிப் பழகிய அதே குரலில், ஒரு குரல் பதிவு. தன் கோடு கோழியின் கோடு என்றும், முட்டைகள் செத்துப்போயின என்றும், எல்லோரும் இப்போதே கதவைத் திறந்து கையை விட்டுப் பார்க்கும்படியும் சொன்னாள். கணவன் பெயரைச் சொல்லவில்லை. ‘எங்கள் வீட்டில்’ என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் நாத்தனார் மூக்கைச் சிந்துவதும், செத்த முட்டைகளை அவன் சாக்கில் கொட்டும் சத்தமும் பதிவில் கேட்டன. நாத்தனாருக்கு அண்ணனிடம் பேச்சு நின்றிருந்தது. அண்ணியிடமும் பேச வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கும்பிடும் படம் அனுப்பினார். ஒருவர் கோழிப் படம் அனுப்பினார். மாவு மில்காரர், ‘திறந்து பார்த்தேன், சூடு இருக்கிறது’ என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அடுத்தடுத்து நாலு பேர் எழுதினார்கள். ஒருவரின் உணர்கருவி வெந்நீர் ஃபிளாஸ்க்கில் இருந்தது. ஒருவர் அதை டிவிக்குப் பின்னால் வைத்திருந்தார். கண்ணாடி போட்ட பெண் எதுவும் எழுதவில்லை, குழுவிலிருந்து விலகினாள்.

அடுத்த வாரம் கம்பெனி எல்லா உணர்கருவிகளையும் இயந்திரத்துக்குள் வைத்து முத்திரையிட்டது. கிராஃப் சார் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் மாதத்திலிருந்து குஞ்சக்காவின் நிலையத்துக்கு முட்டை வருவது நின்றது. அவள் இணைப்பை மாற்றி, கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் முட்டைகளை வாங்கி வைக்கிறாள். வருட முடிவில் பெரிய இயந்திரம் மாவு மில்காரருக்குக் கிடைத்தது. அங்கிருந்து கம்பெனிக்குக் குஞ்சுப் பெட்டிகளைக் கொண்டுபோகும் வேன் அவள் கணவனுடையது.